பவளம் வாடினால் முதலில் உப்பும் கேஹெச்சும்: நீண்டநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

கடல்நீர் மீன்தொட்டியில் வளர்க்கும் பவளம் சுருங்கிக் கிடப்பதைப் பார்த்ததும் மருந்து ஊற்றத் தோன்றும். தயவுசெய்து ஊற்றாதீர்கள். முதலில் உப்பளவையும் கேஹெச்சையும் (தண்ணீரின் கார்பனேட் காரத்தன்மை; அலகு டிகேஹெச்) பாருங்கள்.

உப்புக்கு ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி விலகலை வைத்து உப்பைக் காட்டும் கருவி) போதும். ஆனால் அதை ஆர்ஓ (உப்பு நீக்கிய) தண்ணீரில் பூஜ்யம் வைத்துவிட்டு நம்பக்கூடாது. மலிவான கருவிகள் பலவும் சாதாரண உப்புக் கரைசலுக்கு அளவிடப்பட்டவை. கடல்நீரில் தள்ளிக் காட்டும். 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) அளவுத்திரவம் இரண்டு சொட்டு விட்டு, மாதம் ஒருமுறை திருகைச் சரிசெய்ய வேண்டும்.

கேஹெச்சுக்கு ஹானா செக்கர் என்ற சின்ன டிஜிட்டல் சோதனைக் கருவி. 10 மிலி தொட்டித் தண்ணீர், 1 மிலி ரீஏஜென்ட் (சோதனை ரசாயனம்). சிரிஞ்சு முனையில் சின்னக் காற்றுக்குமிழி நின்றாலே ரீஏஜென்ட் குறைந்து எண் மாறிவிடும். கண்ணாடிக் குப்பியில் விரல்ரேகை பட்டாலும் அப்படித்தான். நல்ல கருவிதான், ஆனாலும் 0.3 வித்தியாசத்துக்காக, கேஹெச்சுக்கு ஊற்றும் டோஸை மாற்றாதீர்கள். மறுநாளும் அதே பக்கம் நகர்ந்தால் மட்டும் மாற்றுங்கள்.

அக்ரோபோரா என்ற கிளைப் பவளத்தின் நுனி மட்டும் கருகியதுபோல் வெளுத்தால், பெரும்பாலும் கேஹெச் 10ஐத் தாண்டியிருக்கும், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அடியோடு இல்லாமல் இருக்கும். பசியில் இருக்கும் பவளத்தை வேகமாக வளரச் சொல்வதால் வரும் வினை இது. கேஹெச்சை மெல்ல 8க்கு இறக்குங்கள். ஜிஎஃப்ஓவை (பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்புத் துகள்) நிறுத்தி, மீனுக்குத் தீனியைக் கூட்டி, நைட்ரேட்டை 5 பிபிஎம், பாஸ்பேட்டை 0.05 பிபிஎம் பக்கம் கொண்டுவாருங்கள்.

அடியிலிருந்து சதை உரிந்தால் கேஹெச் ஏறி இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால், 100 லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடா 1 டிகேஹெச் உயர்த்தும். ஒரு நாளைக்கு அதற்கு மேல் வேண்டாம். கணக்குப் போடும்போது பாறையையும் மணலையும் கழித்துவிடுங்கள். 200 லிட்டர் தொட்டியில் 200 லிட்டர் தண்ணீர் இருக்காது.

மேல்பக்கம் மட்டும் வெளுத்தால் வெளிச்சம் அதிகம். எல்இடியை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, சில வாரங்களில் படிப்படியாக ஏற்றலாம்.

டார்ச், ஹாமர் பவள வகைகளில் பழுப்பு நிறக் கூழ் வழிந்தால் டெஸ்ட் முடிவுக்குக் காத்திருக்கவே கூடாது. பம்பை நிறுத்தி, கூழைக் குழாயால் உறிஞ்சி வெளியேற்றி, அழுகிய தலையை எலும்போடு வெட்டி எறியுங்கள். பம்பு ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் கூழ் பக்கத்துத் தலைகளில் போய் ஒட்டும். மிச்சத்தை அயோடின் கரைசலில் முக்கி, தனித் தொட்டியில் வைத்துக் கவனியுங்கள்.