சுகர் மாத்திரை: தர்மபுரி, கிருஷ்ணகிரியில் எங்கே வாங்குவது?

முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தாலும் மாதாமாதம் வாங்கும் சுகர் மாத்திரைக்கு அது உதவாது; ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்க்கும் வைத்தியத்துக்குத்தான் அந்த அட்டை. ஓசூர் கம்பெனிகளில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் கதை வேறு. மற்றவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஆரம்ப சுகாதார நிலையம்.

மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு போன்ற அடிப்படை மாத்திரைகளும் சர்க்கரைப் பரிசோதனையும் அங்கே இலவசம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். அதில் பெயர் பதிந்தால் தன்னார்வலர் அக்கா வீடு தேடி வந்து மாத்திரை தருவார். நடக்க முடியாத பெரியவர்களுக்கு இதை விட நல்ல ஏற்பாடு இல்லை. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் சிரமம்: அந்த அக்கா வரும்போது வீடு பூட்டிக் கிடக்கும். ஊருக்கு வரும் நாளை முன்பே சொல்லி வையுங்கள்.

சரி, டாக்டர் சிட்டாகிளிப்டின், எம்பாகிளிஃப்ளோசின் என்று வேறு சுகர் மாத்திரைகளை எழுதினால்? அப்போது முதல்வர் மருந்தகமோ மத்திய அரசின் மக்கள் மருந்தகமோ போகலாம். சிட்டாகிளிப்டின் காப்புரிமை 2022-லும், எம்பாகிளிஃப்ளோசினுடையது 2025 மார்ச்சிலும் முடிந்ததால் இரண்டையும் இப்போது பல கம்பெனிகள் தயாரிக்கின்றன, விலையும் இறங்கியிருக்கிறது. சீட்டில் பிராண்டு பெயர் மட்டும் இருந்தால் மருந்தின் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டு கடையிலும் விலை குறைவுதான். எதில் உங்கள் மருந்து இருப்பில் இருக்கிறதோ அதுவே நல்ல கடை.

தெருமுனை மெடிக்கலில் கடன் சொல்லலாம், நாலு மாத்திரை உதிரியாகவும் வாங்கலாம். ஆனால் மாதக் கணக்கில் பார்த்தால் அதுதான் கையைக் கடிக்கும். ஒன்று கவனியுங்கள்: அங்கே வாங்கும் ஒரே மாத்திரையில் பெரும்பாலும் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்தே இருக்கும். மாத்திரை அட்டையின் பின்பக்கம் படித்தால் தெரியும். அதோடு சுகாதார நிலைய மாத்திரைகளையும் சேர்த்து விழுங்கினால் மருந்து இரட்டிப்பாகி, சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம்.

இன்சுலினுக்கு அரசு மருத்துவமனைதான் சரி, அதுவும் இலவசம். அங்கே தரும் குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி ஊசி. வெளிக்கடையில் ஆரஞ்சு மூடி ஊசியை நீட்டினால் வாங்காதீர்கள், அது 100 யூனிட்டுக்கானது. 40 யூனிட் குப்பியிலிருந்து அதில் 20 கோடு வரை இழுத்தால் உடம்பில் ஏறுவது 8 யூனிட்தான்.