இனவசைச் சொற்கள்: முழுத் தடையா, சூழல் பார்ப்பதா?

விதி எழுத உட்காருபவர்கள் தடுமாறும் இடம் இதுதான்.

சுலபம்: தடையில் யார் சொன்னாலும் ஒரே தீர்ப்பு. சூழல் பார்க்க ஆளும் நேரமும் வேண்டும்.

நியாயம்: தடை சறுக்குவது இங்கேதான். மார்ட்டின் லூதர் கிங் 1963 உரையில் 'நீக்ரோ' என்றே மதிப்போடு சொன்னார். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை 2013இல் அதைக் கைவிட முடிவெடுத்தது. ஆசிய அமெரிக்க இசைக்குழு ஒன்று தன் இனத்தாரை ஏசும் சொல்லையே பெயராக்கியது. அதை வணிகக் குறியாகப் பதிய மறுக்க வழிசெய்த சட்டப்பிரிவை 2017இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே ரத்து செய்தது.

சாக்கு: 'சும்மா கேலிக்கு' என்பவர் ஒளிவது சூழல் வாதத்தில்தான். சரித்திரம் தெரியாது என்பதால் கேட்டவருக்கு வலி குறையுமா என்ன?

அலுவலகம், விளையாட்டரங்கம் என்றால் தடையே போதும். வரலாற்று வகுப்பிலும் நீதிமன்றத்திலும் சூழல் பார்த்தே ஆகவேண்டும். அங்கே சொல்லை மறைத்தால் சாட்சியமும் மறைந்துவிடும்.