முல்வாட் விபிஎன்: மொரிஷியஸிலிருந்து ஒரு மதிப்புரை

நம் இணையப் போக்குவரத்தை மறைத்து அனுப்பும் விபிஎன் என்ற சேவையை விற்கும் நிறுவனங்களின் விளம்பரங்களை அப்படியே நம்பினால், ஒரு பொத்தானை அழுத்திய கணத்திலிருந்து நாம் யார் கண்ணிலும் படாமல் இணையத்தில் உலவலாம். சுவீடனின் கோத்தன்பர்க் நகரிலிருந்து 2009ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் முல்வாட், அவ்வளவு பெரிய வாக்குறுதிகளைத் தராமல் சேவையை விற்கும் மிகச் சில நிறுவனங்களுள் ஒன்று. மாதம் 5 யூரோ என்ற ஒரே விலைதான். நம் பணத்தில் சுமார் 260, 270 மொரிஷியஸ் ரூபாய் வரும். மூன்று ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டினால் எண்பது விழுக்காடு தள்ளுபடி என்ற வகையான வலைவீச்சு இங்கே கிடையாது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுக்கும் வெளியுலகுக்கும் இடையிலுள்ள கம்பியில் யார் காது வைத்திருக்கிறார்கள் என்று கவலைப்படுபவருக்கு இது கொடுத்த காசுக்குப் பெறும். ஃபேஸ்புக்கிடமிருந்தும் கூகிளிடமிருந்தும் ஒளிந்துகொள்ள நினைப்பவருக்குப் பாதிப் பயன்தான் கிடைக்கும். இந்தியத் தொடர்களையும் படங்களையும் பார்ப்பதற்காக வாங்குபவர் வேறு கடை பார்ப்பது நல்லது.

விபிஎன் செய்யும் வேலை, விளம்பரங்கள் காட்டுவதைவிட மிகச் சிறியது. நம் கைபேசியிலிருந்தோ கணினியிலிருந்தோ புறப்படும் தகவல் அனைத்தையும் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்து, விபிஎன் நிறுவனத்தின் சர்வர் வரை ஒரு மூடிய குழாயில் கொண்டுபோய், அங்கிருந்து இணையத்தில் திறந்துவிடுகிறது. இதனால் இரண்டு விளைவுகள் உண்டு. நமக்கு இணைய இணைப்புத் தரும் நிறுவனத்துக்கு, நாம் ஒரு விபிஎன் சர்வரோடு பேசுகிறோம் என்பதும், எவ்வளவு தகவல் போய்வருகிறது என்பதும் மட்டுமே தெரியும். நாம் திறக்கும் தளங்களுக்கோ, இணையத்தில் நம் இணைப்பைக் குறிக்கும் எண்ணான வீட்டு ஐபி முகவரிக்குப் பதிலாக அந்தச் சர்வரின் முகவரிதான் தெரியும். இன்று பெரும்பாலான தளங்கள், உள்ளடக்கத்தைத் தாமே மறையாக்கம் செய்து அனுப்பும் எச்டிடிபிஎஸ் முறையில் இயங்குவதால், விபிஎன் இல்லாவிட்டாலும் நாம் படிக்கும் பக்கத்தின் உள்ளடக்கமும் தட்டச்சிடும் கடவுச்சொல்லும் இடைவழியில் யாருக்கும் தெரிவதில்லை. தளத்தின் பெயர்தான் பொதுவாகத் தெரிந்துவிடுகிறது. ஆகவே உணவகத்தின் வைஃபையில் உட்கார்ந்தால் வங்கிக் கணக்கே பறிபோய்விடும் என்று பயமுறுத்தி விற்கும் விளம்பரம் பத்தாண்டுகளுக்கு முந்தைய இணையத்தைப் பற்றிப் பேசுகிறது. உள்ளடக்கம் ஏற்கெனவே பூட்டப்பட்டிருக்க, எந்தத் தளத்துக்குப் போனோம் என்ற குறிப்பையும் சேர்த்து மறைக்கிறது விபிஎன். அது சிறிய உதவி இல்லை என்றாலும், நம் இணைய நிறுவனத்தின் மீது வைத்திருந்த நம்பிக்கையை எடுத்து விபிஎன் நிறுவனத்தின் மீது வைக்கிறோம் என்பதே அதன் பொருள். எந்த விபிஎன்னை மதிப்பிட்டாலும், அந்த நம்பிக்கையை ஏற்கத் தகுதியானதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மொரிஷியஸில் வாழும் நமக்கு இது ஏட்டளவிலான கேள்வி அல்ல. 2021 ஏப்ரலில் இந்நாட்டுத் தகவல் தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு கலந்தாய்வு அறிக்கையை வெளியிட்டது. சமூக ஊடகங்களுக்குப் போகிற, வருகிற தகவல் அனைத்தையும் உள்நாட்டு இடைநிலைச் சர்வர் ஒன்றின் வழியாகத் திருப்பி, அங்கே மறையாக்கத்தை அவிழ்த்து, தேவைப்படும்போது ஆராய்ந்து, மீண்டும் மறையாக்கம் செய்து அனுப்பலாம் என்பது அதன் சாரம். உள்நாட்டில் கடும் எதிர்ப்பு எழுந்தது. கூகிளும் மோசில்லாவும்கூட எழுத்து மூலம் தங்கள் ஆட்சேபத்தைத் தெரிவித்தன. திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. அடுத்த ஆண்டு, தென்கரையில் பை டு ஜாகோதேயில் கரையேறும் சேஃப் என்ற கடலடி இணையக் கேபிளின் நிலையத்தில், வெளிநாட்டுக் குழு ஒன்றை அனுமதித்துத் தகவல் போக்குவரத்தை உளவு பார்க்க ஏற்பாடு நடந்தது என்ற குற்றச்சாட்டை, நாட்டின் மிகப் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்து அப்போது விலகியிருந்தவரே எழுப்பினார். அது பாதுகாப்பு ஆய்வுதான் என்று அன்றைய அரசு மறுத்தது. உண்மை எந்தப் பக்கம் இருந்தாலும், அதற்குப் பிறகு கேபிள் என்ற சொல் தொழில்நுட்பக்காரர்கள் மட்டும் பேசும் சொல்லாக இங்கே இருக்கவில்லை.

2024 அக்டோபரில் ‘மிசி முஸ்தாஸ்’ என்ற புனைபெயரில் ஒட்டுக்கேட்கப்பட்ட தொலைபேசி உரையாடல்கள் சமூக ஊடகங்களில் ஒவ்வொன்றாக வெளிவந்தபோது இந்த இரு விவகாரங்களும் ஒரே முடிச்சில் வந்து சேர்ந்தன. தீபாவளிக்கு மறுநாள், நவம்பர் 1 அன்று, பொதுத் தேர்தலுக்குப் பத்து நாள்கூட இல்லாத நிலையில், சமூக ஊடகங்களை நவம்பர் 11 வரை முடக்கும்படி இணைய நிறுவனங்களுக்கு உத்தரவு போனது. கந்த சஷ்டி தொடங்கவிருந்த நேரம் அது. பூசை நேரங்களை ஃபேஸ்புக் பக்கத்தில் அறிவித்துப் பழகிய கோயில் குழுவினருக்கும், தமிழ் வகுப்புச் செய்திகளை அதிலேயே பகிர்ந்து வந்த ஆசிரியர்களுக்கும், விபிஎன் என்றால் என்ன என்று கேட்க வேண்டிய தேவை ஒரே இரவில் வந்தது. மறுநாளே தடை விலக்கப்பட்டது. இப்படிப்பட்ட தடையை விபிஎன் எளிதில் கடந்துவிடும், ஏனெனில் தடுக்கும் இடம் நம் இணைய நிறுவனத்தின் வாசல். நம் குழாயோ அந்த வாசலைத் தாண்டிப்போய்த்தான் திறக்கிறது. ஆனால் அந்தத் தடைக்குக் காரணமாக இருந்த ஒட்டுக்கேட்பை எந்த விபிஎன்னும் தடுத்திருக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சாதாரணத் தொலைபேசி அழைப்பு இணையக் குழாயின் வழியாகவே போவதில்லை. அதற்கு மருந்து சிக்னல், வாட்ஸ்அப் போன்று இரு முனைகளுக்கிடையே மறையாக்கம் செய்யும் செயலிகளில் பேசுவதுதான். அதற்கு மாதம் 5 யூரோவும் வேண்டாம்.

இனி முல்வாட்டின் தகுதிக்கு வருவோம். கணக்குத் தொடங்கும்போது அது பெயர் கேட்பதில்லை, மின்னஞ்சல் கேட்பதில்லை, கடவுச்சொல்லும் கேட்பதில்லை. 16 இலக்க எண் ஒன்றைத் தருகிறது. அந்த எண்தான் கணக்கு. ஒரு கணக்கில் ஐந்து கருவிகள் வரை இணைக்கலாம். எண்ணைத் தொலைத்தால் யாரிடமும் முறையிட வழியில்லாமல் போகலாம் என்பதால் அதைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துவது நல்லது. தொலைவில் இருக்கும் ஒரு நிறுவனம் நம் தகவலைக் காப்பாற்றுமா என்று கேட்பதைவிட, காப்பாற்ற வேண்டிய தகவலே அதனிடம் இல்லாதபடி அமைத்திருப்பது மேலான ஏற்பாடு என்று நான் கருதுகிறேன். 2023 ஏப்ரல் 18 அன்று சுவீடன் காவல்துறையினர் தேடுதல் ஆணையோடு கோத்தன்பர்க் அலுவலகத்துக்கு வந்தார்கள். வாடிக்கையாளர் தகவல் அடங்கிய கணினிகளைக் கைப்பற்றுவது அவர்கள் நோக்கம். அப்படி ஒன்று தங்களிடம் இல்லை என்று நிறுவனத்தார் விளக்கியபின் வெறுங்கையோடு திரும்பினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், எல்லா விபிஎன் சர்வர்களையும் வன்தட்டு இன்றி, அணைத்ததும் எல்லாம் அழிந்துவிடும் நினைவகத்தில் மட்டும் இயங்கும் முறைக்கு மாற்றி முடித்ததாக நிறுவனம் அறிவித்தது. செயலியின் மூல நிரல், யாரும் படித்துப் பார்க்கும்படி திறந்த நிலையில் உள்ளது. வெளியார் தணிக்கை அறிக்கைகளும் அவ்வப்போது வெளியாகின்றன. குழாய்க்கு அது நம்பியிருக்கும் வயர்கார்டு நெறிமுறையின் நிரல் சில ஆயிரம் வரிகளே கொண்டது என்பதால் ஆராய்வதும் எளிது.

‘நாங்கள் எந்தப் பதிவும் வைப்பதில்லை’ என்ற வாசகத்தை எல்லா விபிஎன் நிறுவனங்களும் எழுதிவைத்திருக்கின்றன. எழுதிவைத்துவிட்டுப் பதிவும் வைத்தவர்கள் உண்டு. 2020 ஜூலையில், ஹாங்காங்கைச் சேர்ந்த ஏழு இலவச விபிஎன் செயலிகளின் பயனர் தகவலும் இணையப் பயன்பாட்டுப் பதிவுகளும் பூட்டப்படாத சர்வரில் கிடந்தது வெளியே தெரிந்தது. ஏழும் பதிவு வைப்பதில்லை என்று சொன்னவையே. ஓனாவோ என்ற செயலியை ஃபேஸ்புக் 2013இல் வாங்கி, பாதுகாப்புக்கான விபிஎன் என்று மக்களுக்குக் கொடுத்து, அவர்கள் வேறு எந்தச் செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்பதை அறிந்துகொண்டது. 2018இல் ஆப்பிள் கடையிலிருந்து அது நீக்கப்பட்டது. தடை வந்த அந்த இரவில் கையில் கிடைத்த இலவச விபிஎன்னை இறக்கிக்கொண்டவர்கள் அதை இன்னும் கைபேசியில் வைத்திருந்தால், முல்வாட் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், அதை நீக்கிவிடுவதே முறை. இலவசமாகவே வேண்டும் என்பவர்கள் சுவிட்சர்லாந்தின் புரோட்டான் விபிஎன் தரும் இலவசச் சேவையைப் பார்க்கலாம். கட்டணம் செலுத்துபவர்களின் பணத்தில் அது நடப்பதால், நம் தகவலை விற்றுப் பிழைக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

முல்வாட் உட்பட எந்த விபிஎன்னும் தொட முடியாத இடம் உலாவியும் செயலிகளும். கூகிள் கணக்கில் உள்நுழைந்தபடியே விபிஎன்னை இயக்குபவர், முகமூடி அணிந்துகொண்டு தம் பெயரை உரக்கச் சொல்பவருக்குச் சமம். நம்மை அடையாளம் காணத் தளங்கள் உலாவியில் விட்டுவைக்கும் குறிப்புகளான குக்கீகள் ஐபி முகவரியைச் சார்ந்தவை அல்ல. கைபேசிச் செயலிகள் இருப்பிடத்தை ஜிபிஎஸ் மூலம் எடுத்துக்கொள்கின்றன. இவை எதுவும் இல்லாவிட்டாலும், திரையின் அளவு, நிறுவியுள்ள எழுத்துருக்கள், மொழி, நேர வலயம் ஆகியவற்றின் சேர்க்கையே ஓர் உலாவியை அடையாளம் காட்டப் போதுமானது என்பதை அமெரிக்காவின் மின்னணு எல்லை அறக்கட்டளை 2010இலேயே காட்டியது. அவர்கள் சோதித்த உலாவிகளில் 83.6 விழுக்காடு தனித்துத் தெரிந்தன. தமிழ் எழுத்துருக்களை நிறுவி, பிரெஞ்சு மொழி அமைப்போடு, போர்ட் லூயிஸ் நேரத்தில் இயங்கும் கணினிகள் உலகில் எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், நம் நிலை சராசரியைவிடச் சற்று மோசம் என்று தோன்றுகிறது. முல்வாட் இதை மறைக்கவில்லை என்பது அதன் நேர்மை. அடையாளம் மறைக்கும் டோர் உலாவியை உருவாக்கும் டோர் திட்டத்தோடு சேர்ந்து, எல்லாப் பயனர்களையும் ஒரே மாதிரி தோன்றச் செய்யும் முல்வாட் பிரவுசர் என்ற உலாவியை 2023 ஏப்ரலில் வெளியிட்டது. அது இலவசம், சந்தா இல்லாதவர்களும் பயன்படுத்தலாம். கணினிக்கு மட்டும் என்பதால், கைபேசியிலேயே எல்லாவற்றையும் முடிப்பவருக்கு அதனால் பயனில்லை.

வேகத்தைப் பொறுத்தவரை, நம் தீவின் இருப்பிடமே பாதியைத் தீர்மானித்துவிடுகிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. ஜோகன்னஸ்பர்க் நமக்குச் சுமார் 3,000 கிலோமீட்டர், மேற்கு ஐரோப்பா 9,000 கிலோமீட்டருக்கும் மேல். போய்வரக் குறைந்தது முதலாவதற்கு 30 மில்லிநொடியும் இரண்டாவதற்கு 90 மில்லிநொடியும் ஆகும். கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நடைமுறையில் கூடுதலாகவே ஆகும். ஆகவே தேர்வைச் செயலியிடமே விட்டுவிடாமல், ஜோகன்னஸ்பர்க் சர்வரை நாமே குறித்துவைப்பது நல்லது. காணொளி பார்ப்பதற்கு இந்தத் தாமதம் தடையாக இல்லை. காணொளி அழைப்பில் சற்றே உணர முடிகிறது. வேடிக்கை என்னவென்றால், ரோஸ் ஹில்லில் உட்கார்ந்து போர்ட் லூயிஸில் இருக்கும் தளம் ஒன்றைத் திறந்தாலும், தகவல் தென்னாப்பிரிக்கா வரை போய்த்தான் திரும்பும்.

இதைவிட அதிகமாகத் தொல்லை தருவது, விபிஎன் முகவரிகளைக் கண்டாலே சந்தேகப்படும் தளங்கள். பலர் ஒரே முகவரியைப் பகிர்வதால், நாம் மனிதர்தான் என்று நிரூபிக்கச் சொல்லும் படப் புதிர்கள் அடிக்கடி வந்து நிற்கும். உள்ளூர் வங்கி ஒன்றின் செயலி விபிஎன்னை அணைக்கும்வரை எனக்கு உள்ளே வழிவிடவில்லை. ஆண்ட்ராய்டு கைபேசியிலும் கணினிகளிலும், குறிப்பிட்ட செயலிகளை மட்டும் குழாய்க்கு வெளியே விடும் வசதி முல்வாட்டில் உண்டு. வங்கிச் செயலியை அதில் சேர்த்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. ஐபோனில் அந்த வசதி இல்லை. ஒவ்வொரு முறையும் அணைத்து மீண்டும் இயக்க வேண்டும். அப்படி அணைத்துவிட்டு மறந்துபோவது மனித இயல்பு என்பதால், ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சேவையின் மதிப்பில் கால் பங்கைக் குறைத்தே சொல்வேன்.

தமிழ்ப் படங்களுக்காகவும் தொடர்களுக்காகவும் விபிஎன் தேடுபவர்கள் நம்மிடையே பலர். அவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி முதலிய விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று இந்திய அரசின் கணினி அவசரநிலைக் குழு 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. அதைத் தொடர்ந்து எக்ஸ்பிரஸ், நார்டு, சர்ஃப்ஷார்க் உள்ளிட்ட பல நிறுவனங்கள் இந்தியாவில் வைத்திருந்த சர்வர்களை விலக்கிக்கொண்டன. இப்போது பட்டியலில் ‘இந்தியா’ என்று தெரிந்தாலும், அந்த சர்வர் உண்மையில் சிங்கப்பூர் போன்ற வேறிடத்தில் இருப்பது வழக்கமாகிவிட்டது. பொழுதுபோக்குத் தளங்களும் விபிஎன் முகவரிகளைத் தேடிப்பிடித்துத் தடுத்தவண்ணம் இருக்கின்றன. முல்வாட் இந்தப் பந்தயத்தில் ஓடவே இல்லை. படம் பார்க்கவென்று தனிச் சர்வர்கள் அதனிடம் கிடையாது.

பணம் கட்டுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வங்கி அட்டையில் கட்டினால், முல்வாட்டுக்கு நம் பெயர் தேவைப்படாவிட்டாலும் வங்கியின் கணக்கறிக்கையில் முல்வாட்டின் பெயர் பதிவாகும். மொரிஷியஸில் விபிஎன் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம் அல்ல என்பதால், நம்மில் பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. பொருட்படுத்துபவர்கள், முல்வாட்டின் தளம் தரும் கட்டணக் குறியீட்டைத் தாளில் எழுதி, யூரோ நோட்டோடு உறையில் இட்டு கோத்தன்பர்க்குக்கு அஞ்சலில் அனுப்பலாம். அதையும் அவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். உறை போய்ச் சேரும்வரை பொறுத்திருக்க வேண்டும், வழியில் தொலைந்தால் நோட்டு போனதுதான். முதன்முறை வாங்குபவர் அட்டையில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டி, வங்கிச் செயலியும் அலுவலகத் தளங்களும் பிள்ளைகளின் பள்ளித் தளமும் இடையூறின்றி இயங்குகின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம். அப்படிக் கட்டிய மாதம் முடிந்ததும் இணைப்பு நின்றுவிடும். கேட்காமலே அடுத்த மாதப் பணத்தை எடுத்துக்கொள்ளும் பழக்கம் அங்கே இல்லை.