நூலகத்து ஏஐ சோதனை: சேவைக்கு நாலு, விதிக்கு ஒன்று

பிஎச்.டி. ஆய்வேடு சமர்ப்பிக்கும் நிலையில் இருப்பவர்களுக்கும் அவர்களுடைய நெறியாளர்களுக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு அலுப்புத் தட்டலாம். நான் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் பொருளியல் நடத்துகிறேன். கல்லூரி இணைந்திருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரையும், அவர்கள் வாங்கியிருக்கும் மென்பொருளின் பெயரையும் இங்கே சொல்லப் போவதில்லை. ரிசர்ச் செக்‌ஷன் பக்கம் நான் இன்னும் பல வருஷம் போக வேண்டியிருக்கிறது.

விமர்சனம், பல்கலைக்கழக நூலகத்தின் முதல் மாடியில் நடக்கும் ஒரு சேவையைப் பற்றி. ஆய்வேட்டை வாங்கி, பிளேஜரிசம் (எழுத்துத் திருட்டு) சோதனையும், ஏஐ எழுதியதா என்று பார்க்கும் சோதனையும் நடத்தி, இரண்டுக்கும் சேர்த்து ஒரு சான்றிதழ் தருகிறார்கள். அது இல்லாவிட்டால் ரிசர்ச் செக்‌ஷனில் உங்கள் ஆய்வேட்டின் அட்டையைக்கூடத் திறக்க மாட்டார்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அரசு சார்ந்த ஓர் அலுவலகத்தில் இவ்வளவு ஒழுங்கை நான் எதிர்பார்க்கவில்லை. நெறியாளரின் பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்து வேர்டு கோப்பை அனுப்ப வேண்டும். மாணவர் நேரடியாக அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். பணம் ஆன்லைனில் கட்டலாம், வங்கிச் சலான் வரிசை இல்லை. காலையில் அனுப்பினால் பெரும்பாலும் மறுநாளே ரிப்போர்ட் வந்துவிடுகிறது. அங்கிருக்கும் உதவி நூலகர் பொறுமைசாலி. முகப்புப் பக்கம், நன்றியுரை, துணைநூற்பட்டியல் எல்லாவற்றையும் விலக்கிவிட்டுத்தான் சோதிக்க வேண்டும் என்ற விதியை அவரே ஞாபகம் வைத்துச் செய்கிறார். வேறு சில இடங்களில் துணைநூற்பட்டியலையும் சேர்த்து ஓட்டிவிட்டு, "ஒப்புமை முப்பது வந்திருக்கு" என்று மாணவர்களை அலைக்கழித்த கதைகளைக் கேட்டிருக்கிறேன். இங்கே அந்தத் தொல்லை இல்லை. சேவைக்கு ஐந்துக்கு நாலு மதிப்பெண் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஒரு மதிப்பெண் குறைத்தது, மறுசோதனைக்கும் முழுக் கட்டணம் வாங்குவதற்காக. உதவித்தொகை இல்லாத பகுதிநேர ஆய்வாளர்களுக்கு அது உறைக்கும்.

இனி விதி. சிக்கல் முழுக்க அங்கேதான்.

2018-இல் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) கொண்டுவந்த பிளேஜரிசம் தடுப்பு விதிமுறை எங்கள் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம். பிறர் எழுத்தோடு ஒப்புமை பத்து விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. பத்துக்கு மேல் நாற்பது வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். நாற்பதுக்கு மேல் அறுபது வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைக் கொடுக்கவே முடியாது. அறுபதைத் தாண்டினால் பதிவு ரத்து. சாட்ஜிபிடி வெளியானது 2022 நவம்பர் கடைசியில். ஆக, இந்த விதிமுறையில் ஏஐ பற்றி ஒரு வார்த்தை இருக்க வாய்ப்பே இல்லை. எங்கள் பல்கலைக்கழகம் என்ன செய்தது? ஒன்றரைப் பக்கச் சுற்றறிக்கை ஒன்றைப் போட்டு, அந்தப் பத்தை அப்படியே தூக்கி ஏஐ மேல் வைத்துவிட்டது. "ஆய்வேட்டில் செயற்கை நுண்ணறிவின் பங்கு 10 விழுக்காட்டிற்கு மிகாமல் இருத்தல் வேண்டும்." அவ்வளவுதான் கொள்கை.

எதில் பத்து விழுக்காடு? நூறு வாக்கியத்தில் பத்தா? இலக்கணம் திருத்திக்கொண்டால் கணக்கில் வருமா? தமிழில் எடுத்த நேர்காணலை ஆங்கிலத்துக்கு மாற்ற உதவி கேட்டால்? எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருள் தந்த அட்டவணையை விளக்கச் சொன்னால்? எதற்கும் பதில் இல்லை. ஏஐயை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது, பயன்படுத்தினால் எங்கே சொல்ல வேண்டும் என்று எழுதுவதுதான் கொள்கை. அதை எழுதும் வேலையை மென்பொருள் காட்டும் ஓர் எண்ணிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

பிளேஜரிசம் ரிப்போர்ட்டில் வரும் பத்தும் ஏஐ ரிப்போர்ட்டில் வரும் பத்தும் ஒரே சாதி இல்லை. முதலாவதில் ஒவ்வொரு வண்ணக் கோட்டுக்கும் பக்கத்தில் மூலம் இருக்கிறது: இந்த வரி இந்தக் கட்டுரையில், இந்தத் தளத்தில் உள்ளது என்று. திறந்து பார்க்கலாம், மறுக்கலாம். தொடர்ச்சியாகப் பதினான்கு சொற்கள் வரை தற்செயலாக ஒத்துப்போனால் கணக்கில்லை என்று அந்த விதிமுறையே இடம் கொடுத்திருக்கிறது. ஏஐ ரிப்போர்ட்டில் நிறம் மட்டும்தான் உண்டு. ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. உதவி நூலகரிடம் கேட்டேன். "மேடம், மெஷின் என்ன காட்டுதோ அதைத்தான் நாங்க பிரிண்ட் எடுக்க முடியும்னு துணைவேந்தர் கிட்டயே சொல்லிட்டேன்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது.

என் மாணவியின் ஆய்வேடு திருநெல்வேலி, தென்காசி மாவட்டப் பீடி சுற்றும் பெண்களைப் பற்றியது. தமிழ் வழியில் படித்து வந்த பெண். ஆலங்குளம், முக்கூடல் பக்கம் வீடு வீடாகப் போய், திண்ணையில் பீடித்தட்டோடு உட்கார்ந்திருந்தவர்களிடம் பேசி எடுத்த தரவு. நேர்காணல் படிவங்கள் இரண்டு அட்டைப் பெட்டி நிறைய என் அறையில்தான் இருக்கின்றன. அவளுடைய மூன்றாம் இயல், ஆய்வுப் பகுதியின் அறிமுகம், கிட்டத்தட்ட முழுக்க ஏஐ என்று வந்தது. "தி டிஸ்ட்ரிக்ட் இஸ் லொக்கேட்டட் இன் தி சதர்ன் பார்ட் ஆஃப் தமிழ்நாடு" என்ற வரிக்கு அடர்நிறம். "தி பிரசென்ட் ஸ்டடி அட்டெம்ப்ட்ஸ் டு" என்று தொடங்கும் பத்திக்கு அடர்நிறம். பதில்களை முன்னுரிமைப்படி வரிசைப்படுத்தும் கேரட் (Garrett) தரவரிசை முறையை விளக்கும் பத்தியும் தப்பவில்லை. தமிழ்நாட்டில் பொருளியல், வணிகவியல் ஆய்வேடு எதையாவது புரட்டியவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். இந்த வரிகள் எங்கள் ஆசிரியர்கள் காலத்திலிருந்து நெறியாளர் கையிலிருந்து மாணவர் கைக்கு வந்துகொண்டிருப்பவை. நானும் எழுதினேன், என் நெறியாளரும் எழுதினார்.

எந்திரம் செய்வதும் புரியாத ரகசியம் ஒன்றுமில்லை. அடுத்து எந்தச் சொல் வரும் என்று சுலபமாக ஊகிக்க முடிகிற எழுத்தை அது ஏஐ பக்கம் தள்ளுகிறது. நம் ஊர் ஆய்வேட்டு ஆங்கிலத்தைவிட ஊகிக்கச் சுலபமான எழுத்து எது? அதே ஆய்வேட்டில், ஓர் அம்மா இலையை ஊறப்போட்டு வெட்டுவதையும், ஆயிரம் பீடிக்குத்தான் கூலி என்பதையும், பீடிக்கடையில் தரமில்லை என்று பீடியைக் கழித்துவிட்டால் அந்த இலைக்கும் தூளுக்கும் கணக்கு தன் தலையில் விழுவதையும் சொல்கிற பக்கங்கள் இருக்கின்றன. அவற்றில் ஆங்கிலம் கொஞ்சம் நொண்டும். அந்தப் பக்கங்களில் ஒரு கோடுகூட இல்லை, சுத்த வெள்ளை.

இது எங்கள் ஊர்ப் புலம்பல் மட்டுமில்லை. 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஏழு கருவிகளை எடுத்து, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாக 61 விழுக்காடு கட்டுரைகளை ஏஐ எழுதியவை என்று அவை சொல்லின. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளில் மட்டும் ஏறக்குறைய தவறே இல்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. ஏஐ எழுதியதில் 26 விழுக்காட்டைத்தான் அதனால் பிடிக்க முடிந்தது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். செய்தவர்களுக்கே தெரியவில்லை, வாங்கியவர்களுக்குத் தெரிந்துவிடுமா?

பிளேஜரிசம் சோதனை மென்பொருள் விற்கும் டர்னிடின் நிறுவனம் 2023 ஏப்ரலில் ஏஐ கண்டறியும் வசதியைக் கொண்டுவந்தபோது தவறாகப் பிடிப்பது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்று சொன்னது. அமெரிக்காவின் வேண்டர்பில்ட் பல்கலைக்கழகம் உட்கார்ந்து கணக்குப் போட்டது: 2022-இல் தாங்கள் சோதனைக்குக் கொடுத்தவை 75,000 தாள்கள், ஒரு விழுக்காடு என்றாலே 750 தாள்கள் மேல் வீண்பழி. 2023 ஆகஸ்டிலேயே வசதியை அணைத்துவிட்டார்கள். இப்போது டர்னிடினில் 20-க்குக் கீழ் வந்தால் எண்ணே காட்டுவதில்லை, ஒரு நட்சத்திரக் குறியோடு சரி. அந்த அளவில் தவறு வர வாய்ப்பு அதிகம் என்பதுதான் காரணம். எங்கள் சுற்றறிக்கையோ பத்தில் கோடு கிழிக்கிறது.

ஆசிரியர்கள் தங்கள் கட்டுரைகளையும் இந்தச் சேவையில் சோதித்துக்கொள்ளலாம். அதனால் ஒரு வேலை செய்து பார்த்தேன். ஒரு சாட்பாட்டிடம், தமிழ் வழியில் படித்த ஆய்வாளர் எழுதுவதுபோல் சிறு பிழைகளோடு, பீடித் தொழிலாளரின் வருங்கால வைப்பு நிதி பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். என் பழைய கட்டுரைக்கு நடுவில் அதை வைத்து அனுப்பினேன். சாட்பாட்டின் பக்கம் வெள்ளையாக வந்தது. நான் எழுதிய முன்னுரையில் கோடு விழுந்திருந்தது!

இதன் விளைவு பல்கலைக்கழக வாசலிலேயே தெரிகிறது. பைண்டிங் கடைகளில் "ஏஐ பர்சன்டேஜ் குறைத்துத் தரப்படும்" என்று ஏ4 தாளில் அடித்து ஒட்டியிருக்கிறார்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று விலை. அவர்கள் செய்வது, கோப்பை இன்னொரு ஏஐயில் போட்டு வார்த்தைகளை மாற்றி எடுப்பது. அப்படி மாறி வந்த ஓர் ஆய்வேட்டை நான் புறத்தேர்வாளராகப் படித்தேன். "செல்ஃப் ஹெல்ப் குரூப்" என்பது "பெர்சனல் அசிஸ்டன்ஸ் கேதரிங்" ஆகியிருந்தது. மகளிர் சுயஉதவிக் குழுவை அதில் தேடிக் கண்டுபிடிக்கவே எனக்கு நேரம் பிடித்தது. ஏஐயைத் தொடாத மாணவர்கள்கூட இந்தக் கடைக்குப் போகிறார்கள், எண்ணைக் குறைக்க. தடுக்க வந்த விதி ஆளைக் கொண்டுபோய் ஏஐயிடம் விடுகிறது. மாணவர்களிடையே இன்னொரு வைத்தியமும் சுற்றுகிறது: "இலக்கணப் பிழையைத் திருத்தாதே, அப்படியே விடு." வருஷக் கணக்கில் சிவப்பு மையில் திருத்திக்கொடுத்த எனக்கு இதைக் கேட்டு வயிறு எரிந்தது.

தமிழ்த்துறைக்காரர்கள் நிலை வேறு. எங்கள் மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது. ஏஐ பகுதி காலியாக வருகிறது. சான்றிதழில் பூஜ்யம் என்று போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். ஒருவர் முழு ஆய்வேட்டையும் சாட்பாட்டிடம் எழுதி வாங்கினாலும் பூஜ்யம்தான்.

நீதிமன்றம் வரைக்கும் போன சங்கதியும் உண்டு. 2024-இல் ஹரியானாவில் ஜிண்டால் பல்கலைக்கழகத்தின் எல்.எல்.எம். (முதுநிலைச் சட்டம்) மாணவர் ஒருவருடைய விடைத்தாளில் 88 விழுக்காடு ஏஐ என்று சொல்லித் தோல்வியாக்கினார்கள். அவர் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தீர்ப்புக்குக் காத்திராமல் பல்கலைக்கழகமே அவரைத் தேர்ச்சி பெற்றவராக அறிவிக்க, வழக்கு முடிந்தது. எண்ணின் சட்ட பலம் என்ன என்ற கேள்வி பதில் இல்லாமலே நிற்கிறது.

உருப்படியாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். சிட்னி பல்கலைக்கழகம் 2025 முதல் தேர்வுகளை இரண்டு பாதையாகப் பிரித்துவிட்டது. கண்காணிப்பில் நேரில் நடப்பவை ஒரு பாதை. ஏஐயைப் பயன்படுத்திக்கொள்ளலாம், ஆனால் பயன்படுத்தியதைச் சொல்ல வேண்டும் என்பது மறுபாதை. வீட்டிலிருந்து எழுதுவதை எந்திரத்தால் காவல் காக்க முடியாது என்று வெளிப்படையாக ஒத்துக்கொண்ட ஏற்பாடு அது. பெரிய ஆய்விதழ்களும் ஏஐயைக் கட்டுரையாசிரியராகப் போடாதே, எதற்குப் பயன்படுத்தினாய் என்று எழுது என்றுதான் கேட்கின்றன. நமக்கு இதில் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. உறுதிமொழிப் பக்கத்தில் நாலு வரி கூட்டினால் போதும். பொது வாய்மொழித் தேர்வு ஏற்கெனவே இருக்கிறது. ஆலங்குளத்தில் ஒரு பீடிக்கடைக்குள் போயிருக்கிறாயா, அங்கே எப்படிக் கழிப்பார்கள் என்று புறத்தேர்வாளர் ஒரு கேள்வி கேட்டால் யார் எழுதியது என்று தெரிந்துவிடும். என் மாணவியைக் கேட்டால் அரை மணி நேரம் நிறுத்த மாட்டாள்.

சுற்றறிக்கைக்கு ஒரு மதிப்பெண். ஏஐயைப் பற்றிப் பேச வேண்டும் என்று தோன்றியதற்காக அது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். முழு ஆய்வேட்டை அனுப்பும் முன் இயல் இயலாகச் சோதிக்க முடியுமா என்று கேளுங்கள்; சொன்னால் செய்கிறார்கள், அறிவிப்புப் பலகையில் போட்டிருக்க மாட்டார்கள். இணையத்தில் இலவசமாகச் சோதிக்கும் தளங்களில் ஆய்வேட்டை ஏற்றாதீர்கள், கோப்பு எங்கே போய்ச் சேரும் என்று தெரியாது. முதல் வரைவிலிருந்து எல்லாக் கோப்புகளையும் தேதியோடு வைத்திருங்கள்; கூகுள் டாக்ஸில் எழுதினால் திருத்த வரலாறு தானாகவே இருக்கும். எண் பத்தைத் தாண்டினால் பைண்டிங் கடைக்கு ஓட வேண்டாம். வண்ணம் அடித்த முழு ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கி, வரைவுகளையும் படிவங்களையும் இணைத்து, நெறியாளர் கையெழுத்தோடு துறை ஆய்வுக் குழுவுக்கு விளக்கக் கடிதம் கொடுங்கள். என் மாணவிக்கு அப்படித்தான் கொடுத்தோம், ஏற்றுக்கொண்டார்கள். கடிதத்துக்கு இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் தபால் பிரிவின் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மதியம் ஒன்றரைக்குப் போனால் அறை பூட்டியிருக்கும். மூன்று மணிக்கு மேல் போங்கள்.