529னு கூப்பிட்டு 765ல உக்கார வெச்ச ஃபைபர் நெட், 16 மாச ரிவ்யூ

கம்பெனி பேரு சொல்லப் போறதில்ல, எதுக்கு வம்பு. ஆனா உங்க வீட்டு பில்லை எடுத்து பக்கத்துல வெச்சுக்கிட்டு படிங்க, பாதி கதை உங்களுக்கும் நடந்திருக்கும்.

2024 ஆகஸ்ட்ல மதுரை வில்லாபுரம் பக்கம் எங்க தெரு முக்குல ஒரு பெரிய குடையைப் போட்டு உக்காந்திருந்தாங்க, நோட்டீஸ்ல பெருசா 529, கீழ 50 எம்பிபிஎஸ், அன்லிமிடெட், அதுக்கும் கீழ எறும்பு சைஸ்ல ஒரு ஸ்டார். அங்க இருந்த தம்பி நல்லா பேசுனாப்ல. "இன்ஸ்டலேஷன் ஃப்ரீண்ணே, ரௌட்டர் ஃப்ரீண்ணே, ஆறு மாசத்துக்கு மட்டும் மொத்தமா கட்டிருங்க போதும்"னாப்ல. நான் மனசுக்குள்ளயே பெருக்கிப் பார்த்து 3174னு ரெடியா இருக்கேன், ஜிபேல வந்து நின்னது 3745 ரூபா 32 காசு. என்ன தம்பின்னா ஜிஎஸ்டிண்ணேன்னாப்ல. 571 ரூபா 32 காசு ஜிஎஸ்டி.

18 சதவீதம் 2017 ஜூலைலருந்து இருக்குறதுதான், அது அவங்க பாக்கெட்டுக்குப் போறதில்லங்கறதும் தெரியும். ஆனா பலசரக்குக் கடையில சோப்பு வாங்குனா எம்ஆர்பில வரியெல்லாம் சேர்ந்தேதான் அடிச்சிருக்கு, 40 ரூபான்னா 40 ரூபா, பில் போடும்போது யாரும் தனியா வரி கேக்குறதில்ல. நெட்டுக்கு மட்டும் நோட்டீஸ்ல ஒரு ரேட்டு, கட்டும்போது ஒரு ரேட்டு. 529 கண்ணுக்குத்தான், கைக்கு 624 ரூபா 22 காசு. அப்புறம் அந்த ஃப்ரீ ரௌட்டர், கனெக்‌ஷனை கட் பண்ணா திருப்பிக் குடுக்கணும், இல்லாட்டி காசு புடிப்பாங்களாம். ஃப்ரீன்னா இரவல்னு அர்த்தம், இது வாரண்டி பேப்பர் மாதிரி இருந்த ஒரு தாள்ல ஆறாவது பாயிண்ட்டா இருந்துச்சு.

சரி, நெட் எப்படின்னா, நியாயமா சொல்லணும், நல்லாவே இருக்கு. 50 எம்பிபிஎஸ்னா கேபிள்ல லேப்டாப்பை மாட்டிப் பார்த்தா 48, 49 வரும். வைஃபைல ரெண்டாவது ரூமுக்குப் போனா 20 தான், அதுக்கு நடுவுல இருக்கற சுவத்தைத்தான் திட்டணும். எங்க மாமா ஒரு நாள் வந்துட்டு 50ங்கறானுங்க, டவுன்லோடுல 6 தான் காட்டுது, ஏமாத்துறானுங்கன்னு ஒரே சத்தம். அது மெகாபிட்டு, டவுன்லோடுல காட்டுறது மெகாபைட்டு, எட்டால வகுக்கணும், 50க்கு 6.25 தான் வரும்னு சொன்னா அப்ப 6னு போட வேண்டியதுதானங்கறார். அவர் கேட்டதுல தப்பே இல்லன்னு தோணுச்சு.

அன்லிமிடெட்டுங்கறதும் முழுசா உண்மை இல்ல, மாசம் 3300 ஜிபின்னு ஒரு கோடு இருக்கு, இது பல கம்பெனியிலயும் இதே அளவுதான், அதைத் தாண்டுனா ஸ்பீடைக் குறைச்சிருவாங்க. ஆனா இதுக்கு நான் சண்டை போட மாட்டேன். நாளைக்கு 110 ஜிபி யார் வீட்டுல ஓடுது, எங்க வீட்டுல ரெண்டு டிவி ஓடியும் பாதி கூட போனதில்ல. முன்னாடி லேண்ட்லைன் பிராட்பேண்ட் காலத்துல கொஞ்சூண்டு ஜிபி முடிஞ்சதும் 512 கேபிபிஎஸ்க்கு இறங்கி, மாசக் கடைசில ஒரு வீடியோவுக்கு காபி போட்டுக் குடிச்சிட்டு வர்ற வரைக்கும் சுத்திக்கிட்டே இருக்கும், அதைப் பார்த்தவங்களுக்கு இதெல்லாம் சொர்க்கம்.

பிரச்சனை நெட்டுல இல்ல, பில்லுல.

ஆறு மாசம் முடிஞ்சு 2025 பிப்ரவரிலருந்து மாசா மாசம் ஆட்டோ பே. காசு எடுக்குறதுக்கு ஒரு நாள் முன்னாடியே மெசேஜ் வரணும்ங்கறது ரிசர்வ் பேங்க் ரூல், வரவும் செஞ்சுச்சு, ஆனா லோன் வேணுமா, கொரியர் வந்துருச்சு, ஓடிபின்னு நாளைக்கு நாப்பது மெசேஜ் வர்ற போன்ல அதை எவன் படிக்கிறான், நானும் படிக்கல. ஜூன்ல மாடி வீட்டுக்கு புதுசா ஒரு தம்பி குடி வந்தாப்ல, ஐடில வேலை, அதே கம்பெனி நெட்டு, அதே 50 எம்பிபிஎஸ், என்ன ரேட்டு தம்பின்னு சும்மா கேட்டேன், 529ண்ணேன்னாப்ல. சரின்னு அப்பத்தான் என் பில்லைத் திறந்தேன். அதுல இருந்தது, பிளான் 649, ஜிஎஸ்டி 116.82, மொத்தம் 765.82. பிளான் பேருக்குப் பின்னாடி ப்ளஸ்ஸுனு ஒரு வார்த்தை ஒட்டிக்கிட்டு இருக்கு. என்ன ப்ளஸ்ஸுன்னு பார்த்தா ஓடிடி ஆப் சிலது "இலவசமா" சேர்த்திருக்காங்க, அதுல ரெண்டு மொபைல்ல மட்டும்தான் ஓடும், டிவில ஓடாது. நான் கேட்கவே இல்ல. மாசம் 141 ரூபா 60 காசு கூட, அஞ்சு மாசத்துக்கு 708 ரூபா. ஒரே கட்டடம், ஒரே கம்பம், ஒரே டப்பாலருந்து பிரியுற ஒயர், மேல போனா 529, கீழ வந்தா 649.

கஸ்டமர் கேருக்கு போட்டேன். முதல் தடவை, சார் உங்க இன்ட்ரோ ஆஃபர் முடிஞ்சிருச்சு, இப்ப நீங்க அப்கிரேடட் பிளான்ல இருக்கீங்கன்னு ரொம்ப சந்தோஷமா சொன்னாங்க. எனக்கு 529 பிளானே போதும்ங்கன்னா, அது நியூ கஸ்டமர்ஸுக்கு மட்டும் சார். அப்ப ஒரு வருஷமா ஒழுங்கா காசு கட்டுனவனுக்கு என்னன்னா, அதுக்கு பதிலுக்கு ஹோல்டுல ஒரு பாட்டு. ரெண்டாவது தடவை கூப்பிட்டு, வேற எதுவும் பேசல, கனெக்‌ஷனை கட் பண்ணணும், ரௌட்டரை எடுத்துக்க ஆள் அனுப்புங்கன்னு மட்டும் சொன்னேன். ஒரு நிமிஷம் சார்ன்னாங்க, லைன் வேற ஒருத்தருக்குப் போச்சு, அவர் குரலே வேற மாதிரி இருந்துச்சு, "சார் நீங்க எங்களோட வேல்யூட் கஸ்டமர், உங்களுக்கு ஸ்பெஷலா ஆறு மாசத்துக்கு 529 போட்டுத் தர்றேன்"ங்கறார். மூணு நிமிஷம் முன்னாடி சிஸ்டத்துலயே இல்லாத ரேட்டு எங்கருந்து வந்துச்சுன்னு கேட்டேன், சிரிச்சார். ஜூலைலருந்து 529. ஏற்கனவே போன 708 போனதுதான்.

இது எப்படி நடக்குதுன்னு யோசிச்சா ரொம்ப சிம்பிள். மொபைல்ல 2011லருந்து நம்பரை மாத்தாமயே கம்பெனி மாறிக்கலாம், அதனால அங்க கொஞ்சமாவது பயம் இருக்கு. வீட்டு ஃபைபர்ல அப்படி ஒண்ணுமே கிடையாது, மாறணும்னா புது ஒயர் இழுக்கணும், ட்ரில்லிங் மெஷினோட ஆள் வந்து சுவத்துல இன்னொரு ஓட்டை போடணும், ஹவுஸ் ஓனர்கிட்ட கேக்கணும், ரெண்டு நாள் லீவு போடணும், வீட்டுல இருக்கற டிவி, போன் எல்லாத்துலயும் பாஸ்வேர்டு மாத்தணும். இந்த அலைச்சலுக்கு மாசம் 141 ரூபா பரவால்லன்னு நீங்க நினைப்பீங்கன்னு அவங்களுக்குத் தெரியும், கரெக்டா அந்தத் தொகையைத்தான் ஏத்துறாங்க. 400 ஏத்துனா நாம போயிருவோம்ல.

மொபைல் மட்டும் யோக்கியமான்னு கேட்டா அதுவும் இல்ல. 28 நாள் வேலிடிட்டின்னு வெச்சு வருஷத்துக்கு 12 தடவை பண்ண வேண்டிய ரீசார்ஜை 13 தடவை பண்ண வெச்சாங்க. 2022 ஜனவரில டெலிகாம் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துற அரசு அமைப்பான ட்ராய் தலையிட்டு 30 நாள் வேலிடிட்டி பிளான் ஒண்ணாவது கண்டிப்பா வெக்கணும்னு ஆர்டர் போட்டுச்சு, வெச்சாங்க, ஆனா கடைல போய் கேட்டா இன்னைக்கும் முதல்ல வாயில வர்றது 28 நாள்தான். 2016ல ஜியோ வந்து மாசக்கணக்கா ஃப்ரீயா குடுத்தப்ப நாமளும் ரெண்டு சிம்மு வாங்கி பழகிட்டோம், 2024 ஜூலைல ஜியோ, ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா) மூணும் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா ஒரே வாரத்துல ஏத்துனப்ப போறதுக்கு வேற இடம் இல்ல. ஜியோல நாளைக்கு 1.5 ஜிபி, 28 நாள் பிளான் 239லருந்து 299. எங்க அம்மா போன்ல டேட்டாவே ஓடாது, வர்ற கால் எடுக்குறதோட சரி, அவங்களுக்கும் டேட்டா சேர்ந்த பிளான்தான் போட வேண்டியிருந்துச்சு. 2024 டிசம்பர்லதான் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் இருக்கற ரீசார்ஜ் தனியா தரணும்னு ட்ராய் சொல்லுச்சு, இப்ப அதைத்தான் போட்டு விட்டிருக்கேன்.

சரி, நம்ம ஃபைபருக்கு வருவோம். 2025 நவம்பர்ல குடிதண்ணி குழாய்க்குத் தோண்டுறேன்னு ஜேசிபி வந்து எங்க தெரு ஒயரை அள்ளிக்கிட்டுப் போயிருச்சு. ரௌட்டர்ல சிக்னல் இல்லன்னு காட்டுற லாஸ் லைட்டு சிவப்பா மினுக்க ஆரம்பிச்சது வியாழக்கிழமை காலைல, சரியானது அடுத்த புதன்கிழமை ராத்திரி. ஒயர் அறுந்தது கம்பெனி தப்பு இல்ல, ஸ்ப்ளைஸ் பண்ண வந்த தம்பி பாவம், தனி ஆளா மழைல குடையைப் பிடிச்சுக்கிட்டு மயிர் மாதிரி இருக்கற ஃபைபரை ஒண்ணொண்ணா ஒட்டிக்கிட்டு இருந்தாப்ல, டீ வாங்கிக் குடுத்தேன், ஏரியா முழுக்க அவர் ஒருத்தர்தானாம். ஆனா அந்த மாச பில் மட்டும் முழுசா வந்துச்சு. மூணு நாளுக்கு மேல ஃபால்ட் சரி பண்ணாம கிடந்தா வாடகையைக் கழிக்கணும்னு ட்ராய் பிராட்பேண்டுக்குப் போட்ட விதியில இருக்கு, அதைச் சொல்லிக் கேட்டேன். அப்படியெல்லாம் எதுவும் இல்லைங்க சார்ன்னாங்க. கம்ப்ளைன்ட் நம்பரை வெச்சு அப்பீல் அதாரிட்டிக்கு மெயில் போட்டேன், இது ஒவ்வொரு கம்பெனியிலயும் இருக்கணும், வெப்சைட்ல அடியோட அடியில தேடுனா மெயில் ஐடி கிடைக்கும். ஒம்பது நாள் கழிச்சு பில்லுல 7 நாள் வாடகை கழிச்சு வந்துச்சு, 123 ரூபா 43 காசு. இந்தக் காசுக்கு நான் செலவழிச்ச நேரத்தைக் கணக்கு போட்டா எனக்கு நஷ்டம்தான், வீட்டம்மா இன்னும் சொல்லிக் காட்டிக்கிட்டு இருக்காங்க.

அப்ப எங்க ஏரியா கேபிள்காரர் நெட்டுக்கே போயிரலாமேன்னு கேப்பீங்க. அவர்கிட்ட மாசம் 500, வரி கிரின்னு பேச்சே இல்ல, 500னா 500, போன் பண்ணா அரை மணி நேரத்துல பைக்ல வந்து நிப்பாரு. ஆனா ராத்திரி ஏழரைலருந்து பத்து வரைக்கும் தெருவே சீரியலும் கிரிக்கெட்டும் பார்க்குற நேரத்துல ஸ்பீடு படுத்துரும், பில்லுன்னு ஒண்ணு கேட்டா நோட்டுல எழுதிக் காட்டுவாரு. ஆபீஸ்ல இன்டர்நெட் செலவுக்கு பில் வெக்கணும், அதனால எனக்கு ஆகாது. பில் தேவையில்லாதவங்களுக்கு நான் அவரைத்தான் சொல்வேன்.

2023 நவம்பர்ல சென்ட்ரல் கன்ஸ்யூமர் ப்ரொடெக்‌ஷன் அதாரிட்டி 13 வகை தில்லாலங்கடியை லிஸ்ட் போட்டு இதெல்லாம் பண்ணக்கூடாதுன்னு வழிகாட்டுதல் குடுத்திருக்கு, விலையை முதல்லயே முழுசா காட்டாம கடைசில ஏத்துறது, கேக்காததைக் கூடையில போடுறது, உள்ள வர்றது ஈஸியா வெச்சுட்டு வெளிய போறதை கஷ்டமாக்குறது எல்லாம் அதுல இருக்கு. படிச்சப்ப எங்க வீட்டு பில்லைப் பார்த்துதான் எழுதுனாங்களோன்னு இருந்துச்சு. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு கூப்பிட்டு கம்ப்ளைன்ட் குடுக்கலாம், கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கும் போகலாம், டெலிகாம் கேஸை அங்க எடுக்கலாம்னு 2022ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. 708 ரூபாய்க்கு யாரு போறா, அதுவும் அவங்களுக்குத் தெரியும்.

மார்க் போடணும்னா நெட்டுக்கு அஞ்சுக்கு நாலு, ஒயர் ஒட்டுன தம்பிக்கு அஞ்சு, பில்லுக்கு ஒண்ணு. எடுக்கறதா இருந்தா குடைக்குக் கீழ இருக்கறவர்கிட்ட ஏழாவது மாசம் எவ்வளவுன்னு கேளுங்க, வரியோட சேர்த்துக் கேளுங்க, வாட்ஸப்ல எழுதி அனுப்பச் சொல்லுங்க, ஆட்டோ பே போடாதீங்க.

நேத்து ராத்திரி சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், மாடி வீட்டுத் தம்பி போனைக் கைல பிடிச்சுக்கிட்டு இறங்கி வந்தாப்ல. ஜூன்ல கட்டுன ஆறு மாசம் அவருக்கு நவம்பரோட முடிஞ்சிருச்சு. "அண்ணே, இது என்னண்ணே 765.82?"ங்கறாப்ல. உக்காருங்க தம்பி, முதல்ல கஸ்டமர் கேருக்குப் போட்டு ரௌட்டரை எடுத்துக்கச் சொல்லுங்கன்னேன்.