கூப்பர்ஸ்டவுன் பக்கத்துப் பழம்பொருள் கடையும் ஒரு மாட்டு அடமானப் பத்திரமும்

நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுனைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால், பழைய தானியக் களஞ்சியம் ஒன்றைப் பழம்பொருள் கடையாக்கி வைத்திருக்கிறார்கள். பால் கேன், சேணம், அரிக்கேன் விளக்கு எல்லாம் உண்டு. அதெல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்கும். பார்க்க வேண்டியது உள்ளே அட்டைப் பெட்டிகளில் அடுக்கியிருக்கும் பழைய கடன் பத்திரங்களை. கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடனும் கறவை மாட்டுக் கடனும் கொடுத்தே ஓய்வு பெற்றவள் நான்; மருமகன் காரில் காத்திருக்க, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

28 டாலருக்கு நான் வாங்கியது 1884-ஆம் வருடப் பத்திரம். அச்சடித்த படிவம், கோடிட்ட இடங்களில் மட்டும் பேனா எழுத்து. கடன் 85 டாலர். ஈடாக வெள்ளை முகமுள்ள சிவப்புப் பசு, வயது 6. ஒரு பின்னங்கால் மட்டும் வெளுத்த செம்பழுப்புக் குதிரை, வயது 9, பெயர் டாம். இரட்டைக் குதிரை வண்டி. தோட்டத்தில் நிற்கும் ஹாப்ஸ். நாங்கள் மாட்டுக் காதில் வில்லை போட்டு நம்பர் எழுதிக்கொள்வோம். இங்கே அங்க அடையாளமும் பெயரும்தான் நம்பர்.

ஹாப்ஸ் என்பது பீருக்குக் கசப்பேற்றும் கொடிப்பயிர். அன்றைக்கு இந்தப் பகுதியில் அதுதான் பணப்பயிர். 1882-இல் ஒரு பவுண்டு ஒரு டாலரைத் தாண்டி விற்றது, அப்புறம் சரிந்தது. அந்த விலையை நம்பிக் கையெழுத்துப் போட்ட ஆளோ என்னவோ.

நிலத்தை வைக்காமல் மாட்டை ஏன் வைத்தார் என்றால், 1864 சட்டப்படி, மத்திய அரசிடம் உரிமம் பெற்ற ‘தேசிய வங்கிகள்’ நிலத்தின் பேரில் கடன் கொடுக்க முடியாது. நில அடமானத்துக்கு வேறு ஆட்களைத் தேட வேண்டும். சின்னக் கடனுக்குக் கொட்டகையில் நிற்பதே கைகொடுக்கும்.

படிவத்தில் ஒரு வரி என்னைத் திடுக்கிட வைத்தது. தன் பணத்துக்குப் பாதுகாப்பில்லை என்று கடன் கொடுத்தவருக்குத் தோன்றினாலே போதும், தவணை நாள் வருமுன்பே கொட்டகைக்குள் புகுந்து மாட்டை ஓட்டிப்போய் ஏலம் விடலாம். எங்கள் படிவங்களும் வங்கி பக்கம் சாய்ந்தவைதான். இருந்தாலும் இவ்வளவு இல்லை.

வாங்குகிறவர்கள் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அடமானம் வைத்தாலும் மாடு கடனாளியின் கொட்டகையில்தான் நிற்கும். அதையே இன்னொருவரிடம் அடமானம் வைத்துவிட்டால்? அதற்காகத்தான் 1833-இல் இந்த மாநிலத்தில் சட்டம் கொண்டுவந்தார்கள்: பத்திரத்தை ஊர் எழுத்தரிடம் தாக்கல் செய்ய வேண்டும், வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் அவருக்குக் கடன் கொடுத்த மற்றவர்களிடம் அது செல்லாது. என் தாளின் பின்பக்கத்தில் தாக்கல் செய்த தேதியோடு மணியும் இருக்கிறது, காலை 10. யார் முந்தினார் என்பதுதானே வழக்கில் நிற்கும்!

இனி குறைகள். பெட்டி மேல் ‘நிலப் பத்திரங்கள்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே பாதி மாடும் வண்டியும். ஃபிரேம் போட்டவை இரட்டை விலை, பின்பக்கத்தை அட்டையில் ஒட்டியும் விட்டார்கள். அதை வாங்கவே வாங்காதீர்கள். விலையைப் பத்திரத்தின் மேலேயே பென்சிலால் எழுதுவதும் சகிக்கவில்லை.

கடைக்காரப் பெரியவர் தங்கமானவர். மேசை ஒதுக்கி, பூதக்கண்ணாடி கொடுத்து, அவசரப்படுத்தாமல் விட்டார். தெற்கே ஜார்ஜியா மாநிலத்திலிருந்து வந்த தாள் ஒன்றும் காட்டினார்: இன்னும் விதைக்கவே விதைக்காத பருத்தியை மளிகை வியாபாரிக்கு ஈடாக எழுதிக் கொடுத்தது. கடனுக்காக வீட்டையும் நிலத்தையும் பறிக்கக் கூடாது என்று சட்டம் தந்த பாதுகாப்பையும் ‘எனக்கு வேண்டாம்’ என்று விட்டுக்கொடுக்கும் வரி அதில் அச்சிலேயே இருந்தது. கேட்டது 60 டாலர். 45 வரை பேசிப் பார்த்தேன், இறங்கவில்லை. யாராவது அந்தப் பக்கம் போனால் இன்னும் இருக்கிறதா என்று சொல்லுங்கள்.