கவுன்சலிங்: தனியாகப் போவதா, சேர்ந்து போவதா?

வீட்டில் தினம் சண்டை, கவுன்சலரைப் பார்ப்பது என்று முடிவாகிவிட்டது, ஆனால் தனியாகவா ஜோடியாகவா என்பதிலேயே பலர் மாதக்கணக்கில் நிற்கிறார்கள்.

செலவு
தனி: ஒருவர் கட்டணம்.
ஜோடி: நேரம் கூடுதல், பெரும்பாலும் கட்டணமும். காசுதான் தடை என்றால் சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இலவசம், தமிழிலேயே பேசலாம்.

வசதி
தனி: ஆபீஸ் முடிந்து ஆன்லைனில்கூட முடியும்.
ஜோடி: ஒருவர் ஓ.எம்.ஆரிலிருந்தும் இன்னொருவர் அம்பத்தூரிலிருந்தும் ஒரே நேரத்துக்கு வந்து சேர வேண்டும். அதுவே புதுச் சண்டைக்குப் போதும்!

பேச்சு
தனி: மாமியார் விஷயம், அப்பா குடித்துவிட்டு வந்த காலத்துப் பயம், எல்லாவற்றையும் கொட்டலாம். ஆனால் கவுன்சலர் காதில் விழுவது உங்கள் பக்கம் மட்டும்தான்.
ஜோடி: ‘நீ எப்பவும் இப்படித்தான்’ என்று ஆரம்பிக்கும்போதே கவுன்சலர் நிறுத்தி, ‘நேற்று போன் எடுக்கவில்லை, எனக்குப் பயமாகிவிட்டது’ என்று சொல்லிப் பார்க்க வைப்பார், எதிரில் இருப்பவர் முகம் மாறுவதை அங்கேயே பார்க்கலாம்.

என்னைக் கேட்டால், இருவருக்கும் சேர்ந்து வாழும் எண்ணம் மிச்சமிருந்தால் ஜோடியாகவே போங்கள். துணை வர மறுத்தால் காத்திருக்காமல் தனியாகத் தொடங்குங்கள். அடி, மிரட்டல் இருந்தால் சேர்ந்து போகவே வேண்டாம், அங்கே சொன்னதற்கு வீட்டில் விழும். பெண்களுக்கு 181 உதவி எண் இருக்கிறது. அப்புறம், இரண்டுக்கும் ஒரே கவுன்சலர் என்றால், தனியாகச் சொன்னதைத் துணையிடம் சொல்வாரா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.